த்ரமுந்தானா மலைத்தொடரை ஒரே நாளில் சுற்றி வருதல்: மயோர்க்காவில் 240 கி.மீ. வட்டம், எந்தத் திசையில்?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குச் செல்கிறேன். அங்கே இருக்கும் எட்டு நாள்களில் ஒரு நாளை முழுவதுமாக ஒதுக்கி, தீவின் வடமேற்குக் கரை நெடுக நிற்கும் த்ரமுந்தானா மலைத்தொடரை ஒரே வட்டமாக மிதிவண்டியில் மிதித்து முடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தங்குமிடம் வடகிழக்கு மூலையில் உள்ள போர்ட் தெ பொயென்சா. அங்கிருந்து யுக் மடாலயம், சா காலோப்ரா, புய்ச் மஜோர் கணவாய், சோயெர், தெயா, வால்தெமோசா, பன்யல்புபார், எஸ்தெயெங்ஸ் எனத் தென்மேற்கில் இருக்கும் அந்த்ராட்ச் வரை எம்.ஏ.10 சாலையிலேயே போய், பிறகு மலையின் உள்புறமாகக் கப்தெயா, கலிலேயா, புய்க்புன்யெந்த், எஸ்போர்லெஸ், புன்யோலா, ஓரியென்ட், அலாரோ, செல்வா, கம்பனெத் ஆகிய ஊர்களைத் தொட்டுத் திரும்புவதாக வரைந்து வைத்திருக்கிறேன். வரைபடத்தில் ஏறத்தாழ 240 கி.மீ. வருகிறது, மொத்த ஏற்றம் 4,000 மீட்டரைத் தாண்டுகிறது.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். பிரெவே எனப்படும் நேரக் கெடுவுள்ள நெடுந்தொலைவு ஓட்டங்களில் 200 கி.மீ. மூன்றும், 300 கி.மீ. ஒன்றும் நேரத்துக்குள் முடித்திருக்கிறேன். ஆனால் அவை பெரும்பாலும் சமவெளிச் சாலைகள். மலையில் ஒரே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறிப் பழக்கமில்லை. என் எடை 72 கிலோ. வண்டி, தண்ணீர், சுமை எல்லாம் சேர்த்தால் 85 கிலோ ஆகும். இடஞ்சுழியாகச் சுற்றுவதா, வலஞ்சுழியாகவா? முட்டுச்சாலையான சா காலோப்ராவைச் சேர்ப்பதா, விடுவதா? கியர் எப்படி இருக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


ஆரக்கால் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். ஆறு வசந்தங்களாக அந்த மலைகளில் ஓட்டி வருகிறேன். இந்த வட்டத்தை நான்கு முறை தொடங்கி மூன்று முறை முடித்திருக்கிறேன். என் அறிவுரை இடஞ்சுழி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் நாள் முழுவதையும் அந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்கப் போகிறது.

சா காலோப்ரா சாலையை அன்டோனியோ பரியெத்தி என்னும் பொறியாளர் வடிவமைத்தார்; 1932இல் கட்டி முடித்தார்கள். குடைவழி ஏதும் தோண்டாமல், சுண்ணாம்புப் பாறைச் சரிவைத் தழுவியபடியே கடல் வரை இறங்குகிறது. ஓரிடத்தில் சாலை 270 பாகை சுழன்று தன்மீதே பாலமாக ஏறிப் போகிறது; கழுத்துப்பட்டையின் முடிச்சு என்று அவ்வூரார் அதைச் சொல்கிறார்கள். கீழே துறையிலிருந்து மேலே கணவாய் வரை ஏறத்தாழ 9.5 கி.மீ., சராசரி சரிவு 7 விழுக்காடு, கணவாயின் உயரம் 682 மீட்டர். இறங்கியவர் அதே வழியில்தான் ஏறி வர வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கத் தொடங்கும். ஒரு வளைவில் பேருந்து திரும்பும்போது சாலை முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். நாம் காலை ஊன்றி நின்று வழிவிட்டுவிட்டு, அந்தச் சரிவில் மறுபடி ஏறி மிதிக்க வேண்டியிருக்கும்.

இடஞ்சுழியில் போனால் உங்கள் தங்குமிடத்திலிருந்து சா காலோப்ராத் திருப்பம் ஏறத்தாழ 36 கி.மீ. விடியுமுன் கிளம்பினால் எட்டு மணிக்கு முன்பே அங்கே இருக்கலாம். பேருந்துகள் வருவதற்குள் இறங்கி ஏறிவிடலாம். மலைத்தொடரின் மிக உயரமான பகுதி கால்கள் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடும். மேற்கு நோக்கிப் போகையில் கடல் உங்கள் வலப்புறம், நீங்கள் ஓட்டுவதும் வலப்புறம். எனவே கடற்கரைச் சாலை முழுவதும் கடலுக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு வண்டிகூட இராது.


சக்கரவாகம் எழுதியது:

ஆரக்கால் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நான் வலஞ்சுழிப் பக்கம் நிற்கிறேன்.

பேருந்துகள் காலையில் வருமுன் போகலாம் என்றால், மாலையில் அவை திரும்பிய பின்னும் போகலாம். உள்நாட்டுச் சிற்றூர்களைக் காலையில் கடந்து, அந்த்ராட்சிலிருந்து கடற்கரைச் சாலையில் வடகிழக்காக வந்தால், பிற்பகல் வெயில் முகத்தில் அடிக்காமல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இன்னொன்று, சோயெரிலிருந்து புய்ச் மஜோர் கணவாய்க்கு ஏறும் 14 கி.மீ. பாதை, 6 விழுக்காடு சீரான சரிவு. என் கணிப்பில் தீவிலேயே மிக அழகான ஏற்றம் அதுதான். இடஞ்சுழியில் போகிறவர்கள் அதை அரை மணி நேர இறக்கமாகக் கடந்துவிடுகிறார்கள். கீழே ஆரஞ்சுத் தோட்டங்கள், அதற்கு மேல் ஒலிவ மரங்கள் நிற்கும் கல் அடுக்குகள், அதற்கும் மேல் வெறும் பாறை என்று காட்சி மாறிக்கொண்டே வருவதை ஏறுகிறவர்தான் பார்க்க முடியும். மலையைப் பார்க்கப் போகிறவர் மலையை ஏறிப் பார்க்கட்டும் என்பது என் கருத்து.


ஆரக்கால் எழுதியது:

சகோதரி சொல்லும் ஏற்றத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் வலஞ்சுழியில் சோயெருக்கு வரும்போது நண்பர் நெடுவழி ஏறத்தாழ 157 கி.மீ. ஓட்டியிருப்பார். அதற்குப் பிறகு 14 கி.மீ. ஏற்றம், அதற்குப் பிறகு சா காலோப்ரா. மாலை ஆறு மணிக்கு மேல் அந்தத் துறையில் நிற்கிற ஒருவருக்கு மேலே வருவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே வந்தாலும் அந்நேரத்தில் யுக் வரை திறந்த கடை எதையும் நம்ப முடியாது. உடல் தளர்ந்த நேரத்தில் மலைத்தொடரின் மிகத் தனிமையான பகுதியில், இருட்டை எதிர்நோக்கி நிற்க நேரும். நான் முடிக்காமல் விட்ட ஒரு முறை அப்படித்தான் விட்டேன்: கணவாய்க்கு மேல் ஒரு வேலியோரம் உட்கார்ந்து, நண்பர் கார் கொண்டு வரும்வரை ஒன்றரை மணி நேரம் நடுங்கிக்கொண்டிருந்தேன். முதன்முறை போகிறவருக்கு அந்த அனுபவம் வேண்டாம்.


மெதுநடை எழுதியது:

இருவரும் புகழ்பெற்ற ஏற்றங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இந்த வட்டத்தில் உண்மையாகவே கடினமாக இருந்தது, யாரும் பெயர் சொல்லாத சோயெர் – அந்த்ராட்ச் பகுதிதான். வரைபடத்தில் அது கடலோரச் சாலை என்றிருக்கும். கடலோரம் என்றதும் சமதளம் என்று மனம் எடுத்துக்கொள்ளும். அந்த 57 கி.மீ. தூரத்தில் சமதளம் என்று சொல்ல ஒரு கிலோமீட்டர்கூடச் சேர்ந்தாற்போல் கிடையாது. சோயெரில் கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்கு இறங்கிய நீங்கள், தெயாவுக்கு ஏறி, வால்தெமோசாவுக்கு 400 மீட்டருக்கு மேல் ஏறி, பன்யல்புபாருக்கு இறங்கி, எஸ்தெயெங்ஸ் வரை ஏறி இறங்கி, பிறகு அந்த்ராட்சுக்கு மறுபடி ஏற வேண்டும். எந்த ஏற்றமும் பெரிதில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் அடுத்தது தொடங்கும்.

எஸ்தெயெங்சுக்கும் அந்த்ராட்சுக்கும் இடையே ஏறத்தாழ 18 கி.மீ.; நடுவில் ஊர் இல்லை. 2013 ஜூலையில் அந்தச் சரிவில் பெரிய காட்டுத்தீ பரவி 2,300 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. பழைய பைன் நிழல் அதோடு போயிற்று; இப்போது புதர்களும் இளங்கன்றுகளும்தான். நான் மே மாதம் போனேன். எஸ்தெயெங்சில் தண்ணீர் நிரப்பாமல், அந்த்ராட்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பாட்டிலில் நான்கு விரற்கடைத் தண்ணீரோடு கிளம்பினேன். ஆறாவது கிலோமீட்டரில் அது தீர்ந்தது. பாட்டிலின் மூடியைக் கழற்றி அடியில் ஒட்டியிருந்த துளிகளை நாக்கில் விட்டுக்கொண்டேன். கைப்பிடியில் சுற்றிய நாடா வியர்வையில் ஊறி வழுக்கியது. உதட்டில் உப்பு பூத்தது. வலப்பக்கம் நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே அவ்வளவு பெரிய நீலக் கடல். அந்த்ராட்சில் முதல் கடை வாசலில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நின்றபடியே குடித்தேன்; அடுத்த ஒரு மணி நேரம் வயிறு மிதிக்க விடவில்லை.

ஆகவே நெடுவழி அவர்களுக்கு என் வேண்டுகோள்: திசையைத் தீர்மானிக்குமுன், எங்கெங்கே வட்டத்தை விட்டு விலகலாம் என்பதைத் தீர்மானியுங்கள். சா காலோப்ராவுக்குள் இறங்கிவிட்டால் விலகல் இல்லை. சோயெரில் ஒரு நல்ல விலகல் உண்டு. தெற்கே 497 மீட்டர் உயரமுள்ள சோயெர்க் கணவாயை ஏறி இறங்கினால் புன்யோலா. மேற்கு மூன்றிலொரு பங்கு முழுவதையும் வெட்டிவிடலாம். மலைக்கு அடியில் 1997இல் குடைவழி திறக்கப்பட்டது. 2017இல் அதன் சுங்கமும் நீக்கப்பட்டதால் வண்டிகள் எல்லாம் அதற்குள்ளேயே போகின்றன. மிதிவண்டிக்கு அங்கே அனுமதி கிடையாது. அதனால் பழைய கணவாய்ச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க நமக்கே. அப்படி வெட்டினால் மொத்தம் ஏறத்தாழ 155 கி.மீ.யில் வீடு திரும்பலாம். அடுத்த விலகல் வால்தெமோசா. அதற்குப் பிறகு எதுவும் எளிதில்லை. எனவே சோயெரில் ஒரு கடிகாரக் கெடு வைத்துக்கொள்ளுங்கள்.


கடற்காற்று எழுதியது:

வானிலையையும் காற்றையும் பற்றிச் சொல்ல வந்தேன். அந்த மலைத்தொடரின் பெயரே வடக்கிலிருந்து வீசும் காற்றின் பெயர்தான். வடகிழக்குக் காற்றை அங்கே கிரெகால் என்பார்கள். எந்தத் திசையில் சுற்றினாலும் உங்கள் கடைசிப் பகுதி பொயென்சா நோக்கி வடகிழக்காகவே போகிறது என்றால், அந்தக் காற்று அடிக்கும் நாளில் 200 கி.மீ. ஓடிய கால்களோடு அதை நேர் முகத்தில் வாங்க வேண்டியிருக்கும். முதல் நாள் இரவு முன்னறிவிப்பைப் பாருங்கள். எட்டு நாள் இருக்கும்போது ஒரு நாள் தள்ளிப் போடுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

மழையும் தீவில் ஒரே மாதிரி இல்லை. தீவின் தலைநகரான பால்மா ஆண்டுக்கு ஏறத்தாழ 400 மி.மீ. மழை பெறும் இடம். மலையுச்சிகள் 1,000 மி.மீ.க்கு மேல் பெறுகின்றன. கடற்கரையில் வெயில் காய்கிற அதே நேரத்தில் புய்ச் மஜோர் மேகத்துக்குள் இருக்கலாம். கணவாய் 850 மீட்டர் அளவில்தான் இருக்கிறது, பெரிய உயரமில்லை என்று எண்ணி நான் ஏப்ரலில் மெல்லிய சட்டையோடு போனேன். கணவாயிலுள்ள குடைவழிக்குள் வெளிச்சமாக நுழைந்து, மறுபக்கம் மூடுபனிக்குள் வெளிவந்தேன். சோயெர் நோக்கிய இறக்கத்தில் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிட்டன. பிரேக் பிடியில் விரல் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. ஒரு வளைவின் ஓரத்தில் இறங்கி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். காற்றுத்தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் கட்டாயம்.

சாலைத் தளம் பெரும்பாலும் அருமையானது. ஆனால் சுண்ணாம்புக் கல் நாடு. பழைய தார் பளபளவென்று மெருகேறியிருக்கும் வளைவுகளில் ஈரம் பட்டால் கண்ணாடி போல வழுக்கும். பைன் ஊசிகள் குவிந்த ஓரங்களும் அப்படியே. சா காலோப்ராப் பக்கம் ஆடுகள் முன்னறிவிப்பின்றிச் சாலைக்குள் குதிக்கும். 28 மி.மீ. அகலத்துக்குக் குறைந்த டயர் வேண்டாம். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன் சற்று அழுத்திப் பிறகு விட்டுவிட்டு இறங்குங்கள்.


நெடுவழி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மெதுநடை அவர்களின் தண்ணீர்க் கணக்கு என் வரைபடத்தில் இல்லவே இல்லை. எஸ்தெயெங்ஸ் ஊரின் மேல் இப்போது சிவப்பில் ஒரு வட்டம் போட்டுவிட்டேன். கியர் பற்றி இன்னும் தெளிவு வேண்டும். வாடகைக்கு எடுக்கப்போகும் வண்டியில் முன்பல்சக்கரங்கள் 50, 34 பல்; பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம் 28 பல் அல்லது 34 பல் என இரண்டு வாய்ப்புகள் தருகிறார்கள். சமவெளியில் 28 எனக்குப் போதுமாகவே இருந்திருக்கிறது.


ஆரக்கால் எழுதியது:

தயங்காமல் 34 பல்லைக் கேளுங்கள். கணக்கு இதோ. 85 கிலோவை 7 விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 160 வாட் தேவை. உங்களைப் போல நெடுந்தொலைவு ஓட்டுகிறவர் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய, தாங்கிய பின்னும் மீதி நாளுக்குக் கால்களை வைத்திருக்கக்கூடிய அளவு அது. அந்த வேகத்தில் சா காலோப்ராவை ஏற ஒரு மணி மூன்று நிமிடம் ஆகும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் நிமிடத்துக்கு 71 சுற்று மிதிப்பீர்கள். பின்னால் 28 என்றால் அதே வேகத்துக்கு 59 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். ஒரு மலைக்கு அது பரவாயில்லை. நாள் முழுவதும் 4,000 மீட்டர் ஏறுகிறவருக்கு, மாலையில் ஓரியென்ட் போகும் வழியில் 550 மீட்டர் உயரத்திலிருக்கும் ஓனோர்க் கணவாயில் அந்தக் கணக்கு முழங்காலில் வந்து நிற்கும்.

உடன் செல்கிறவர்கள் முந்திப் போனாலும் காலையில் வேகம் கூட்டாதீர்கள். ஏப்ரல் கடைசியில் அங்கே சூரியன் ஏழு மணியளவில் உதித்து இரவு எட்டரை மணியளவில் மறைகிறது. மணிக்குச் சராசரி 20 கி.மீ. என்று வைத்தாலும் மிதிக்கும் நேரமே 12 மணி. நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் பகல் வெளிச்சம் போதாது. அதே தீவில் ஏப்ரல் கடைசியில் நடக்கும் 312 கி.மீ. ஓட்டத்துக்கு 14 மணி நேரம் கொடுக்கிறார்கள் என்றால், அது சாலைகளில் வண்டிகளை நிறுத்தி, வழியெல்லாம் உணவு வைத்துத் தருகிற ஓட்டம். உங்களுக்கு அந்த வசதி இல்லை.


சக்கரவாகம் எழுதியது:

வாடகை வண்டியைப் பற்றி ஒரு சொல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 34 பல் கேட்டு முன்பதிவு செய்திருந்தேன். கடையில் கொடுத்த வண்டியை நம்பி எடுத்துப் போய், மறுநாள் யுக் நோக்கி ஏறும்போதுதான் பின்னால் 28 என்று தெரிந்தது. வண்டியை வாங்கும்போதே கடைசிப் பல்சக்கரத்தின் பற்களை விரல் வைத்து எண்ணுங்கள். உங்கள் பழைய வண்டியின் இருக்கை உயரத்தையும், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் உள்ள தொலைவையும் மி.மீ. அளவில் குறித்துக்கொண்டு போங்கள். இரண்டு நாள் சிறு தூரம் ஓட்டிப் பார்த்த பிறகே பெரிய நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பெயினில் ஊர் எல்லைக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். இரவில் ஊர்களுக்கு இடையிலான சாலைகளில் ஒளி எதிரொளிக்கும் மேலுடை கட்டாயம். குடைவழிகளுக்காகவும் விளக்கு வேண்டும். முந்திச் செல்லும் வண்டிகள் நமக்கு 1.5 மீட்டர் இடம் விட வேண்டும் என்பது விதி. மயோர்க்காவில் பெரும்பாலோர் அதைக் கடைப்பிடிக்கிறார்கள், வளைவுகளில் பொறுமையாகப் பின்னாலேயே வருகிறார்கள்.

உணவு: மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்றால் 12 மணி நேரத்துக்கு 720 கிராம். அத்தனையையும் சட்டைப் பையில் சுமக்க முடியாது. சோயெர்ச் சதுக்கத்தில் ஆரஞ்சுச் சாறும் ரொட்டியும், வால்தெமோசாவில் மசித்த உருளைக்கிழங்கு சேர்த்துச் செய்யும் கோக்கா என்னும் மெத்தென்ற பன்னும் என்று வழியிலேயே வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கோக்காவை ஒன்று சாப்பிட்டு, இரண்டை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கலிலேயா ஏற்றத்தில் என்னை நினைப்பீர்கள்.


நெடுவழி எழுதியது:

இறுதித் திட்டத்தை எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். இடஞ்சுழி. காலை 5:45க்கு விளக்கோடு கிளம்புதல். எட்டு மணிக்கு முன் சா காலோப்ராத் திருப்பம். எட்டரைக்குப் பிறகு அங்கே வந்தால் இறங்காமல் நேராகப் போய்விடுதல். பகல் 12:15க்குள் சோயெர். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் மேற்கை விட்டுவிட்டு, சோயெர்க் கணவாய் வழியாகப் புன்யோலா. முடிந்தால் வால்தெமோசாவிலும், கட்டாயமாக எஸ்தெயெங்சிலும் இரு பாட்டில்களையும் நிரப்புதல். அந்த்ராட்ச் நான்கு மணிக்குள். கடைசி ஒன்றரை மணி நேரம் இருட்டில், கம்பனெத்திலிருந்து பொயென்சா வரையிலான சிறு சாலையில்.


மெதுநடை எழுதியது:

இதில் திருத்த ஒன்றுமில்லை. அந்தச் சோயெர்க் கெடுவை மட்டும் கைக்கடிகாரத்தில் மணியடிக்க வைத்துக்கொள்ளுங்கள். சதுக்கத்தில் டிராம் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது.


நெடுவழி எழுதியது:

திரும்பி வந்துவிட்டேன். வட்டத்தை முழுமையாக முடிக்கவில்லை, 155 கி.மீ. ஓட்டினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்து வருகிறவருக்குப் பயன்படும்.

5:45க்குக் கிளம்பினேன். யுக் போகும் வழியிலுள்ள பெமெனியா ஏற்றத்தின் பாதியில், இன்னும் இருட்டாக இருந்தபோது, கூரான கல் ஒன்று பின் டயரைக் கிழித்தது. தலைவிளக்கு வெளிச்சத்தில் டியூபை மாற்றினேன். குளிரில் விரல்கள் ஒத்துழைக்காமல், மாற்றிய டியூபை டயரின் விளிம்பில் சிக்கவைத்துக் காற்றடிக்கும்போதே அதையும் கெடுத்தேன். கையில் இருந்தது இன்னொன்றுதான். கிழிசலுக்கு உள்ளே உணவுப் பொட்டலத்தின் உறையை மடித்து வைத்து, அந்த டியூபைப் பொறுமையாகப் பொருத்தினேன். நாற்பது நிமிடம் போயிற்று. சா காலோப்ராத் திருப்பத்துக்கு வந்தபோது மணி 8:35. இறங்கக் கூடாது என்று நானே எழுதியிருந்தேன். மேலே நின்று, மடிப்பு மடிப்பாகக் கிடந்த அந்தச் சாலையைப் பார்த்தேன், இறங்கிவிட்டேன்.

ஏறும்போது பேருந்துகள் வந்தன. இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே சாலை நுழைகிற இடத்தில் ஒரு பேருந்தும் நானும் எதிரெதிரே. பாறையில் தோளைச் சாய்த்து நின்றேன். ஓட்டுநர் கண்ணாடியை மடக்கி, ஓர் ஆள் நடக்கும் வேகத்தில் என்னைக் கடந்து, கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அப்படி மூன்று முறை. ஆயினும் அந்த ஏற்றத்தை 34 பல்லில் ஒரு மணி பதினான்கு நிமிடத்தில் முடித்தேன். முழங்கால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆரக்கால் ஐயாவுக்கு நன்றி.

சோயெரில் மணி 12:50. கடிகாரம் எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. கால்கள் நன்றாக இருந்தன, வானம் தெளிவாக இருந்தது, மேற்கே போய்விடலாம் என்று மனம் வாதாடியது. ஆனால் ஒரே ஒரு நல்ல டியூப், கிழிந்த டயர், எஸ்தெயெங்சுக்கு அப்பால் ஊரில்லாத 18 கி.மீ. ஒரு கெடுவை ஏற்கெனவே காலையில் மீறியிருந்தேன். இரண்டு ஆரஞ்சுகளை உரித்துத் தின்றுவிட்டுத் தெற்கே திரும்பினேன். சோயெர்க் கணவாயில் ஒரு மணி நேரத்தில் மூன்று வண்டிகளைத்தான் பார்த்தேன். ஓரியென்ட் பள்ளத்தாக்கில் செம்மறிகளின் கழுத்துமணிச் சத்தம் தவிர வேறு ஓசையில்லை. வெளிச்சம் இருக்கும்போதே அறை வந்து சேர்ந்தேன்.

மேற்குப் பகுதி மிச்சமிருக்கிறது. செப்டம்பர் கடைசியில் மறுபடி போவதாக இருக்கிறேன்.


சக்கரவாகம் எழுதியது:

நல்ல முடிவு எடுத்தீர்கள். செப்டம்பருக்கு ஒரு யோசனை: திசையை விட்டுவிட்டுத் தொடங்கும் ஊரையே மாற்றிப் பாருங்கள். சோயெரில் தங்குங்கள். விடியலில் புய்ச் மஜோர் ஏற்றம், பேருந்துகளுக்கு முன் சா காலோப்ரா, பிறகு யுக், கைமாரி வழியாகச் செல்வாவுக்கு இறக்கம், அலாரோ, ஓரியென்ட், புன்யோலா. அங்கே ஏறத்தாழ 100 கி.மீ. ஆகியிருக்கும், களைத்திருந்தால் கணவாய்க்கு அந்தப் பக்கம் உங்கள் அறை. தெம்பிருந்தால் எஸ்போர்லெஸ், அந்த்ராட்ச் போய்க் கடலோரமாகத் திரும்புங்கள். மொத்தம் 200 கி.மீ. அளவில் முடியும், பெமெனியா ஏற்றமும் பொயென்சாப் பக்கத்துச் சமவெளியும் மட்டுமே விடுபடும்.


ஆரக்கால் எழுதியது:

இது வலஞ்சுழிதான், ஆனால் என் ஆட்சேபம் எதுவும் இதில் நிற்கவில்லை. உயரமான பகுதி காலையிலேயே முடிகிறது. விலகும் இடம் வட்டத்தின் நடுவிலேயே வந்துவிடுகிறது. செப்டம்பர் கடைசியில் பகல் 12 மணி நேரம்தான், மழையும் தொடங்கும் காலம். ஆகவே புன்யோலாக் கெடுவைப் பகல் ஒரு மணி என்று வையுங்கள். டியூப் மூன்று எடுத்துச் செல்லுங்கள்.


நெடுவழி எழுதியது:

சோயெரில் ஆறு இரவுகளுக்கு அறை பார்த்துவிட்டேன். சக்கரவாகம் அக்கா சொன்ன பாதையை இன்றிரவு வரைந்து, தண்ணீர் கிடைக்கும் ஊர்களைக் குறித்து இங்கே பதிகிறேன். மெதுநடை அவர்களே, எஸ்தெயெங்சில் பாட்டில் நிரப்பச் சாலையோரத்திலேயே இடமுண்டா, அல்லது ஊருக்குள் இறங்க வேண்டுமா?